சந்திரனில் பிள்ளை பெற்றவள்

அந்தப் பாகத்தின் முதல் நிறை அதன் மௌனம். இதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். சந்திரனில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் ஓசையும் இல்லை. கண்ணாடிக் கூரைக்கு வெளியே பழுது பார்க்கப் போன பொறியாளர் கால் இடறிப் பள்ளத்தில் விழும்போது, நாடகத்தை எழுதியவர் ஒரு ‘ஐயோ’கூட வைக்கவில்லை. வானொலிப் பெட்டி அப்படியே அடங்கிப்போய்விட்டது. சத்தத்தை வைத்துப் பிழைக்கிற வானொலியில் சத்தத்தையே எடுத்துவிடுவது என்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எனக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

கொட்டகையில் இருந்த மற்றவர்கள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

“கிராணியாரே, பெட்டி மண்டையப் போட்டுடுச்சு!” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

தோட்டத்துக் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் கிராணிதான் பெட்டிக்கும் பொறுப்பு. அவர் எழுந்துபோய் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். நேரம் பார்த்து நாடகத்தில் சங்கு ஊதியது. கூரைக்குள்ளே இருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். கொட்டகை கைதட்டியது.

“கிராணியார் கை பட்டா சந்திரனே பேசுது லா!”

எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் பள்ளிக் கரும்பலகையில் ‘நிறை’ என்று எழுதி அதன் கீழே முதலாவதாக அந்த மௌனத்தைத்தான் போட்டேன்.

மலாயாவில் அவசரகாலம் அது. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில், ரப்பர்ப் பால்மரக் காட்டு ஓரமாகச் சிதறிக் கிடந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு ஒரு வாசல். வாசலில் காவல், சோதனை. காட்டுக்குள் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு வெளியிலிருந்து சாப்பாடு போய்விடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அதனால் எங்கள் தோட்டத்தில் எந்த வீட்டிலும் பச்சை அரிசி, அதாவது வேகாத அரிசி, ஒரு மணிகூட இருக்கக் கூடாது. ஊர் முழுவதுக்குமான அரிசியைப் பொதுக் கூடத்தில் பெரிய சட்டிகளில் போட்டு ஆக்குவார்கள். தலைக்கு இவ்வளவு என்று சோறாகத்தான் கொடுப்பார்கள். வெந்த சோறு மறுநாளைக்குத் தாங்காது. கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது. மீனுக்கும் கீரைக்கும் தடையில்லை, அவை தாமாகவே அழுகிவிடும். கடையில் டின்பால் வாங்கினால்கூட, சேர்த்துவைக்க முடியாதபடி அங்கேயே துளை போட்டுத்தான் கையில் தருவார்கள்.

நான் கோலசிலாங்கூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்து, கடைசித் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். அதுவரைக்கும் தோட்டத்துப் பள்ளியில் தற்காலிக வாத்திச்சி. ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று அம்மா சொல்வாள். உண்மைதான். விண்மீன்களுக்கு எவ்வளவு தூரம், சந்திரனில் குதித்தால் எவ்வளவு உயரம் போகலாம் என்று கேட்பவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். அரசாங்கம் தோட்ட மக்கள் கூடிக் கேட்பதற்கென்று ஒரு வானொலிப் பெட்டியைக் கொடுத்து, அதில் ஞாயிறு சாயங்காலம் ஊரடங்கு தொடங்குவதற்கு முன்னால் சந்திரனைப் பற்றி ஒரு தொடர் நாடகமும் போட ஆரம்பித்தபோது, அது எனக்காகவே எழுதப்பட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கதை இதுதான். பூமியிலிருந்து போன சில நூறு பேர் சந்திரனில் ஒரு கண்ணாடிக் கூரைக்குக் கீழே வாழ்கிறார்கள். காற்று அளவுதான், நகரத் தலைவர் தலையை எண்ணிப் பங்கு போடுவார். சாப்பாட்டுக்குப் பதில் மாத்திரை. வெளியே போக ஒரே ஒரு கதவு. கொட்டகையில் இருந்தவர்கள் யாருக்கும் இதில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “நம்ம ஊரு மாதிரிதான். கூரைதான் கண்ணாடி,” என்றார் முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர்.

ஒவ்வொரு பாகம் முடிந்ததும் நான் எழுந்து நின்று, “நிறை என்ன? குறை என்ன?” என்று கேட்பேன். பள்ளியில் எங்கள் ஆசிரியர் செய்ததைத்தான் நானும் செய்தேன். முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே, “டீச்சரம்மா, கொறைய மொதல்ல எழுது, அதுதான் நெறைய இருக்கு,” என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

நான் சொல்ல வந்த பாகம் ஒலிபரப்பான வாரத்தில்தான் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது.

அக்காவைச் செரண்டாவில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் லோரி ஓட்டுகிறவர். அந்தப் பக்கத்தில் அப்போது அரிசியை அளவாகத்தான் வாங்க முடியும் என்றாலும், வீட்டில் கொண்டுபோய் ஆக்கிச் சாப்பிடலாம். ஆனால் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். அம்மா அதில் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. அழைத்துவரப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அத்தான் வாசலில் நின்று தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

“அத்தை, தப்பா நெனைக்காதீங்க. அங்க பெரிய சட்டிச் சோறுதானாம்ல? இவ இங்கயே இருக்கட்டுமே. நீங்க வந்து தங்கிக்கிட்டாப் போச்சு.”

“சம்பந்தி வீட்டுல வந்து ஒக்காந்துக்கிட்டு எம் பொண்ணுக்கு நான் பத்தியம் போடவா? நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“நாலு பேருக்கும் சேத்து அதே சட்டிச் சோறுதானே, அத்தை.”

“அதெல்லாம் பிரசவம்னா விடுவாங்க மாப்ள. துரை வீட்டுலயும் பொம்பளதானே பெக்குறா?”

அம்மா அதை உண்மையாகவே நம்பினாள். தோட்டத்தில் எல்லாருமே நம்பினார்கள். சட்டம் போட்டவர்கள் பிள்ளைப்பேற்றை மறந்திருப்பார்கள், எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள். பொதுச் சமையல் வந்தபிறகு எங்கள் வரிசையில் அதுதான் முதல் பிரசவம். யாரும் கேட்டுப் பார்த்திருக்கவில்லை.

ஆண் குழந்தை. புதன்கிழமை காலையில், பால் எடுக்க மரம் வெட்டப் போனவர்கள் திரும்புவதற்கு முன்னால் பிறந்துவிட்டது. அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, நேரே கிராணியின் வீட்டுக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஒரு மாசத்துக்கு அவ பங்கு சோத்த அரிசியாக் குடுங்க. கூட ஒரு மணி வேணாம்.”

கிராணி காதுக்குப் பின்னால் பென்சிலைச் சொருகிக்கொண்டார். “நான் என்னம்மா பண்றது? என் வீட்டுலயே அரிசி கெடையாது. எம் பொஞ்சாதி வந்து வரிசையில நிக்கிறா, பாக்குறீங்கல்ல?”

“ஒங்க பொஞ்சாதி பெத்துட்டா நிக்கிறா?”

“நல்லாக் கேட்டீங்க. எனக்கு வயசு அம்பது!” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “சோத்தக் கொண்டுபோயி இன்னொரு தடவ கொதிக்க வச்சுக் குடும்மா. கஞ்சி மாதிரி வரும்,” என்றார்.

அம்மா அதையும் செய்துபார்த்தாள். பொதுக் கூடத்துச் சோறு பகலில் கிடைக்கும். அடிச்சோறு தீய்ந்து, மேல்சோறு விறைத்திருக்கும். சாயங்காலத்துக்குள் ஒரு வாடை வந்துவிடும். திரும்பக் கொதிக்கவைத்தால் வாடைதான் முதலில் கொதிக்கும். இரண்டு தடவை வெந்த சோறு பிள்ளை பெற்றவளுக்கு ஆகாது என்று கிழவிகள் சொன்னார்கள். ஆகுமோ ஆகாதோ, அக்கா வாயில் வைத்ததும் குமட்டிக்கொண்டு எழுந்தாள். கடற்கரைப் பக்கமிருந்து சைக்கிளில் வரும் மீன்காரரிடம் அம்மா வேலி வாசலில் நின்று பால்சுறா வாங்கிப் புட்டு அவித்தாள். பூண்டு உரித்தாள், மிளகு அரைத்தாள். குழம்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஊற்றிப் பிசைவதற்குத்தான் சோறு இல்லை. வெறும் குழம்பை எவ்வளவு குடிப்பாள்? அக்காவுக்குப் பால் சுரக்கவில்லை. குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அழும்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எம் புள்ளைக்கு நானே குடுக்கணும்மா.” மற்றதையெல்லாம் அவள் சகித்துக்கொள்வாள் என்பது எங்களுக்குத் தெரியும். இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாடகத்திலும் ஒரு பிரசவம்.

பள்ளத்தில் விழுந்து இறந்த பொறியாளரின் மனைவிதான் அந்தப் பெண். அவளுக்குச் சந்திரனிலேயே முதல் குழந்தை பிறக்கப் போகிறது. பிறந்தால் மூச்சுவிட ஒரு தலை கூடும். காற்றுக் கணக்கு இடிக்கும். தலைவரும் வைத்தியரும் வாதாடுகிறார்கள். அப்போதுதான் கணவன் விழுந்த செய்தி வருகிறது. வைத்தியர் சொல்கிறார்: இறந்தவரின் பங்குக் காற்றைப் பிறந்தவனுக்கு எழுதிவிடுங்கள். கணக்கு நேராகிவிடுகிறது. நகரம் முழுவதும் ஒலிபெருக்கியில் குழந்தையின் அழுகை கேட்கிறது.

எவ்வளவு கச்சிதமான கட்டு, பாருங்கள்! ஒரு சாவும் ஒரு பிறப்பும் ஒரே கணக்கில் நேர்படுகின்றன. ஒரு வரிகூட வீணாகவில்லை. அதைத்தான் இரண்டாவது நிறையாக எழுதினேன். குறைகளும் எழுதினேன். வைத்தியர், பத்து வருஷம் கூடவே வேலை பார்த்த தாதியிடம் காற்று என்றால் என்ன என்று விளக்குகிறார். யாருக்காக? தலைவர் கோபம் வந்தால் செய்யுள் மாதிரி பேசுகிறார். கண்ணாடிக் குவளை ஒன்று விழுந்து ‘சளார்’ என்று உடனே உடைகிறது. சந்திரனில் எடை குறைவாயிற்றே, அது மெதுவாக அல்லவா விழ வேண்டும்? இதையெல்லாம் அன்று கொட்டகையிலேயே நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும், எங்கள் பக்கத்து வீட்டு அக்கா எழுந்தாள். ஏழெட்டு மாதக் கைக்குழந்தைக்காரி, வாய்த்துடுக்கு.

“அதெல்லாம் இருக்கட்டும் பாப்பா. பெத்தவ எங்க போனா?”

“அங்கேதான் இருக்கிறாள்.”

“ஒரு தடவ கத்துனா. அப்புறம் சத்தமே இல்லையே. அங்கயும் காத்து தீந்து போச்சா?”

கொட்டகை சிரித்தது. “மாத்திரைய முழுங்கிட்டுத் தூங்குறா போல,” என்று யாரோ சொன்னார்கள். “மாத்திரையில எப்புடிடி பாலு வரும்?” என்றாள் இன்னொருத்தி. அது கதைக்குத் தேவையில்லாத விவரம் என்று நான் சொன்னேன். கதையின் பிரச்சினை காற்று, சாப்பாடு அல்ல.

அம்மா அன்றைக்குப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு, நாடகத்துக்கு முன்னதாகவே ஓர் அதிகாரி வண்டியில் வந்தார். தோட்டங்களில் மக்கள் நிகழ்ச்சிகளை எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்துப்போக வந்தவர். தமிழர், வெள்ளைக் கால்சட்டை, சிரித்த முகம். கொட்டகையில் முன்னால் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள், பக்கத்தில் கிராணியும் உட்கார்ந்தார்.

“தயங்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது நாடகம் எழுதுகிறவருக்கே நேரே போகும்,” என்றார் அதிகாரி.

“சண்டை கம்மிங்க.”

“பாட்டே இல்லீங்க. சந்திரன்ல இருந்துக்கிட்டு ஒரு பாட்டுப் பாட மாட்டானா?”

அப்போது அம்மா எழுந்தாள். அவள் கொட்டகையில் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“ஐயா, அந்தப் பொண்ணு, சந்திரன்ல பெத்தவ. அவளுக்கு என்ன சோறு போட்டாங்க?”

“மாத்திரைதான் அம்மா. அங்கே எல்லாருக்கும் மாத்திரை.”

“எல்லாருக்கும் சரி. ஆம்பளைங்க முழுங்கிட்டுப் போறானுங்க. பெத்தவளுக்கு?”

அதிகாரி ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். “சொல்லுங்கள், சொல்லுங்கள்.”

“பெத்த வயிறு பச்சப் புண்ணு. அதுல ஆறின சோத்தப் போடலாமா? அப்பப்ப கொழைய வடிச்சு, கொதிக்கக் கொதிக்க, பூண்டுக் கொழம்ப ஊத்திக் குடுக்கணும். அப்பத்தான் பாலு எறங்கும். அதுக்கு ஒரு கை அரிசி போதும் ஐயா. ஆனா அரிசியா, அவ ஆத்தா கையில குடுக்கணும். ஊருக்கெல்லாம் ஆக்குற சட்டியில இல்ல. அந்தத் தலைவரு செத்தவன் காத்தப் புள்ள பேருல எழுதுறாரே, அவ்வளவு நல்ல மனுசன், ஒரு கை அரிசிய எழுதுனா சந்திரன் இடிஞ்சா வுழுந்துடும்?”

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் எல்லாரும் கிராணியைப் பார்த்தார்கள். கிராணி தன் செருப்பைப் பார்த்தார்.

எங்கள் தோட்டத்தில் மேலே இருப்பவர்களிடம் எதையும் நேரே கேட்கிற வழக்கமில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். சொன்ன பிறகு அவர்களாலும் மாற்ற முடியாது. அதனால் சாடையாகத்தான் பேசுவார்கள். வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் காதில் விழும்படி ஆட்டுக்குட்டியைத் திட்டினால், மறுநாள் பால் நன்றாக இறங்கும் நல்ல வெட்டுக்காடு கிடைக்கும். மண்டோரும் அதே லயத்தில் பிறந்தவர். ஆடு எது, ஆள் எது என்று அவருக்குத் தெரியும். அம்மா செய்ததும் அதுதான். அவள் வயதுக்கு அவளுக்குத் தெரிந்த மிக மரியாதையான வழி அது.

“அருமை! அருமை!” என்றார் அதிகாரி. “எவ்வளவு நுட்பமான ரசனை! இப்படி நிறை குறை பிரித்துச் சொல்ல உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது?”

எல்லாரும் என்னைக் காட்டினார்கள். அவர் எனக்குக் கை கொடுத்தார். நான் நகரத்துக்கு வந்தால் நிலையத்தைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவருடைய கை ஈரமாக இருந்தது என்பது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அக்காவிடம், “சொல்லிட்டேன். எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன்,” என்றாள்.

“நீ சந்திரனுக்குத்தானேம்மா கேட்ட?”

“கேக்குறவனுக்குப் புரியும்டி.”

மறுநாள் அம்மா அரிசிப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பொதுச் சமையல் வந்ததிலிருந்து அது பரணில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை கிராணி எங்கள் வீட்டுப் பக்கம் வந்து, வாசலில் நின்றபடியே பேசினார்.

“சாடை எனக்குப் புரிஞ்சுது லா. துரைக்குப் புரியணுமே. அவருக்குத் தமிழே அரைகுறை. தமிழ்ல சாடை எங்க தெரியப்போவுது?”

“நீங்க எடுத்துச் சொல்லலாம்ல?” என்றாள் அம்மா.

“எப்படிச் சொல்றது? சந்திரன்ல ஒரு பொம்பளைக்கு அரிசி வேணுமாம்னா?” பிறகு என்னைக் காட்டினார். “இவ படிச்சவ. இங்கிலீசுல நேராக் கேக்கட்டும். நான் கூட வர்றேன்.”

போனோம். நான் பள்ளியில் கற்ற மிகச் சரியான ஆங்கிலத்தில் கேட்டேன். துரை கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். சட்டம் மேலேயிருந்து வந்தது, ஒருவருக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும், குழந்தைக்கு மருந்தகத்தில் டின்பால் கொடுக்கச் சொல்கிறேன் என்றார். பிறகு, வானொலி அதிகாரி எங்கள் தோட்டத்தைப் பற்றி மிக உயர்வாகச் சொன்னதாகச் சொல்லிப் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன். திரும்பி வரும்போது கிராணி, “நல்லாத்தான் பேசுன,” என்றார். மழை பெய்து பாதை சேறாக இருந்தது. ஒரு காலை எடுத்து வைத்து மறு காலை எடுத்து வைப்பதைத் தவிர வேறு எதையும் நான் யோசித்ததாகத் தெரியவில்லை.

டின்பால் வந்தது, துளை போட்ட டின். ஒரு நாளைக்குள் எறும்பு ஏறிவிடும். ஏறாவிட்டால் புளிக்கும். குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முகம் சுருங்கி, அழுகை பூனைக்குட்டிச் சத்தமாகத் தேய்ந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா வந்து, கேட்காமலே குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

“எனக்குத்தான் மாடு மாதிரி ஊறுதே. ஒண்ணு குடிக்கிற எடத்துல ரெண்டு குடிக்கட்டும்.” குழந்தை பற்றிக்கொண்டது. “அடேயப்பா, இந்தப் பயலப் பாரு, உறிஞ்சுற உறிஞ்சுல உசுரு போவுது!”

எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குழந்தை தேறியது. அந்த அக்கா வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, இடையில் வெட்டுக்காட்டிலிருந்து ஓடிவந்துகூடக் கொடுத்தாள். அவள் குரல் வாசலில் கேட்டாலே குழந்தை தலையைத் திருப்பும். எங்கள் அக்கா தன் மாரில் வைத்துப் பார்ப்பாள். குழந்தை ஒரு முறை வாய் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்க்கும். சில நாட்களுக்குப் பிறகு அவள் வைத்துப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். வீட்டில் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு, முதல்முறையாக அக்காவும் கொட்டகைக்கு வந்தாள். நாடகம் தொடங்குமுன் அறிவிப்பாளர், வடசிலாங்கூர்த் தோட்டம் ஒன்றின் தாய்மார்கள் தெரிவித்த அருமையான கருத்தை ஏற்றுக் கதையில் ஒரு மாற்றம் செய்யப்பட்டிருப்பதாகச் சொன்னார். கொட்டகை ‘ஓ’ என்று கத்தியது.

மாற்றம் இதுதான். நகரத் தலைவர் பூமியிலிருந்து நினைவுக்காகக் கொண்டுவந்த ஒரு பிடி நெல் அவரிடம் இருக்கிறது. அதை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறார். தாய்க்குப் பால் இல்லை என்று வைத்தியர் சொன்னதும் அதை எடுத்துக்கொடுக்கிறார். அந்தப் பெண்ணின் தாய் உலை வைக்கிறாள். வானொலியில் உலை கொதித்தது. அவ்வளவு துல்லியமாக அந்தச் சத்தத்தை எப்படி எடுத்தார்களோ! முதலில் மெல்லிய முணுமுணுப்பு, பிறகு மூடி தடதடக்கும் ஓசை, கஞ்சி வடிக்கிற சத்தம். கொட்டகையில் ஒருவரும் அசையவில்லை. வேலிக்குள் எத்தனையோ மாதமாக யாரும் வீட்டில் உலை கொதித்துக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு, பிரசவப் பாகத்தில் ஒரே ஒரு தடவை கத்தியதோடு நின்ற அந்தப் பெண் முதல்முறையாகப் பேசினாள். “சூடாக இருக்கிறது அம்மா,” என்றாள். குழந்தை பால் குடிக்கிற சத்தத்தோடு பாகம் முடிந்தது.

கைதட்டல் அடங்கவே இல்லை. அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவள் நிற்கவில்லை.

நிறை என்று பார்த்தால் இந்தப் பாகத்துக்கு ஈடில்லை. ஓசையால் ஒரு வீட்டையே கட்டிக் காட்டினார்கள். தலைவர் மனிதரானார். தாய்க்குக் குரல் கிடைத்தது. குறை என்றால், சந்திரனில் நீர் கொதிக்கும் வெப்பநிலையைப் பற்றி எழுதியவர் யோசிக்கவே இல்லை. கூரைக்குள் காற்றழுத்தம் குறைவாக இருந்தால் அரிசி வேகாது, எவ்வளவு கொதித்தாலும் நறுக்கரிசியாகவே கிடக்கும். ஒரு பிடி நெல்லைக் குத்தினால் ஒரு வேளைக்குத்தான் கஞ்சி வரும். ஒரு வேளைக் கஞ்சியில் பால் சுரக்காது. இதையெல்லாம் மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே திரும்பினேன்.

குழந்தை பக்கத்து வீட்டு அக்காவின் மடியில் குடித்துக்கொண்டிருந்தது. பெட்டியில் கேட்ட அதே சத்தம். எங்கள் அக்கா அவளுக்குப் பக்கத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நிறை என்ன, குறை என்னன்னு இன்னிக்குக் கேக்கலையா?” என்றாள் என்னிடம்.

“நீ சொல்.”

சற்று யோசித்தாள். “நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு குடுத்துவச்சவ.”

அவள் குரலில் பொறாமையோ வருத்தமோ இல்லை. கடையில் பார்த்த சேலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். அன்றைக்கு நான் கொட்டகையில் நிறை குறை கேட்கவில்லை. கிராணி பேட்டரியை மிச்சப்படுத்தப் பெட்டியை அணைத்துப் பூட்டினார்.

மாதம் கழிந்ததும் அத்தான் வந்தார். அக்காவை அழைத்துப்போக அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள், அதே பெரிய சட்டிச் சோறு. அத்தான் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. “அங்க போனா எங்கம்மா ஆக்கிப் போடுவாங்க, எல்லாம் சரியாயிடும் அத்தை,” என்று மட்டும் சொன்னார். ஆகவில்லை. அங்கே அக்காவுக்குச் சுடச்சுடச் சோறு கிடைத்தது, பால் வரவில்லை. ஊறுகிற நாள் தாண்டிவிட்டது என்றார்கள். பிள்ளை புட்டிப்பாலில்தான் வளர்ந்தான், நன்றாகவே வளர்ந்தான்.

புறப்படும்போது பக்கத்து வீட்டு அக்கா கடைசியாக ஒரு தடவை கொடுத்தாள். குழந்தையின் வாயைத் துடைத்து, “போயிட்டு வாடா, கடன்காரா,” என்று கன்னத்தைக் கிள்ளினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

வேலி வாசலில் பெண்களைச் சோதிக்கிறவள் எங்களுக்குத் தெரிந்தவள்தான். அக்காவின் முந்தானை, பை, கொண்டை எல்லாம் பார்த்தாள். பிறகு தயங்கி, “மன்னிச்சுக்க தங்கச்சி, பாக்கத்தான் வேணும்,” என்று குழந்தையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்து, மடிப்புக்குள் விரல்விட்டு அரிசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். குழந்தை அவள் விரலைப் பிடித்து வாயில் வைத்து உறிஞ்சியது. அவள் மெதுவாக விரலை விடுவித்துக்கொண்டு, துணியைப் பழையபடி சுற்றிக் கொடுத்தாள்.

“போகலாம்,” என்றாள்.

லோரி புக்கிட் ரோத்தான் பக்கம் திரும்பிப் போயிற்று. அம்மா வீட்டுக்கு நடந்தாள். எனக்குப் பள்ளி மணி அடிக்கிற நேரம். நான் பள்ளிக்குப் போனேன்.